நெட்வொர்க்கில் கெட்ட சேதி சீக்கிரம் வரவேண்டும்

வீட்டில் ஒருவர் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த அறையில் இன்னொருவரின் போன், அன்று எடுத்த படங்களையெல்லாம் தானாகவே இணையத்தில் ஏற்றத் தொடங்குகிறது. சில நொடிகளில் வீடியோ உறைந்து நிற்கிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. படங்கள் ஏறி முடிந்ததும் வேகத்தைச் சோதித்தால், வாங்கிய வேகம் குறையாமல் வருகிறது. சரி, இதைவிடப் பெரிய இணைப்பாக வாங்கிவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலும் அது தேவையே இல்லை. வழியில் நெரிசல் என்ற சேதி, அனுப்புகிற போனுக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. கோளாறு அங்கேதான்.

இணையத்தில் எதுவும் முழுசாகப் பயணிப்பதில்லை. படமோ குரலோ, எல்லாமே பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டுத்தான் போகின்றன. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு பாக்கெட்டை வாங்கி, எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று பார்த்து, அடுத்த ரவுட்டரிடம் தள்ளுகிறது. வருகிற வேகம் போகிற வேகத்தை மிஞ்சினால், பாக்கெட்டுகள் பஃபர் என்ற நினைவகத்தில் வரிசையில் நிற்கும். வரிசையில் இடம் இல்லையென்றால் புதிதாக வருவதை ரவுட்டர் கீழே போட்டுவிடும். யாருக்கும் தகவல் சொல்லாது. தொலைந்ததைக் கவனித்து மறுபடி அனுப்புவது இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் பொறுப்பு. அதற்கான விதிமுறைதான் டிசிபி. கணினி அறிஞர்கள் விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வளர்ந்தது அது.

இந்த ஏற்பாடு ஒருமுறை கிட்டத்தட்ட நொறுங்கிப்போனது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட்டுகள் போய்க்கொண்டிருந்த வழியில், திடீரென்று 40 பிட்டுகள் மட்டுமே போயின. நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்துகள். இரண்டு இடங்களுக்கும் நடுவே தூரம் வெறும் 400 கெஜம். எந்தக் கம்பியும் அறுபடவில்லை. ஆய்வகத்தில் இருந்த வேன் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து இதைத் துருவிப் பார்த்தார்.

வரிசை நீண்டதால் பாக்கெட்டுகள் தாமதமாயின. பாக்கெட் வந்து சேர்ந்தது என்ற பதில் வரக் காணோமே என்று கணினிகள் அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பின. ஏற்கெனவே வழியில் நின்றுகொண்டிருந்த பாக்கெட்டின் பின்னால் அதன் நகலும் வந்து நின்றது. வரிசை இன்னும் நீண்டது, நகல்கள் இன்னும் பெருகின. நெட்வொர்க் முழு மூச்சாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சுமந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே சுமந்ததன் நகல்.

1988-இல் ஜேக்கப்சன் வெளியிட்ட தீர்வு, ரவுட்டர்களைத் தொடவே இல்லை. அனுப்புகிற கணினிக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தது. முதலில் கொஞ்சம் பாக்கெட்டுகளை அனுப்பு. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அளவை இரட்டிப்பாக்கு. ஓரளவுக்கு மேல் மெல்ல மெல்லக் கூட்டு. ஒரு பாக்கெட் தொலைந்தது தெரிந்தால், வழியில் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைச் சட்டென்று குறை. பதில் வரக் காத்திருக்கும் நேரத்தையும் முன்பைவிடக் கவனமாகக் கணக்கிடு. ஏறும்போது மெதுவாக, இறங்கும்போது வேகமாக என்பதில் ஓர் அழகு இருக்கிறது. எல்லோரும் இதையே பின்பற்றினால், ஒருவரையொருவர் அறியாத கணினிகள், நடுவில் தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லாமலே, ஒரு வழியை ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. கணினித் துறையில் நான் மிகவும் மதிக்கும் யோசனைகளில் இதுவும் ஒன்று.

இந்த ஏற்பாட்டில் பாக்கெட் தொலைவது வெறும் இழப்பு இல்லை, அது சேதி. 'இங்கே இடமில்லை, மெதுவாக வா' என்று சொல்ல ரவுட்டருக்கு அன்று இருந்த நம்பகமான ஒரே மொழி அதுதான்.

அப்புறம் நினைவகம் மலிவானது. பாக்கெட் தொலைவது கெட்டது, ஆகவே பஃபர் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தில் மோடம்களிலும் ரவுட்டர்களிலும் தாராளமாகப் பஃபர் வைத்தார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் சேதி நின்றுபோனது. பாக்கெட் கீழே விழவில்லை, அதனால் அனுப்புகிறவருக்கு நெரிசலும் தெரியவில்லை. அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக, வரிசை நிரம்பும்வரை நீண்டது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 256 கிலோபைட் பஃபர், நொடிக்கு 1 மெகாபிட் மேலேற்றும் இணைப்பு. நிரம்பிய பஃபர் காலியாக ஏறக்குறைய 2 நொடி ஆகும். அந்த வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் குரல் பாக்கெட் 2 நொடி காத்திருக்க வேண்டும். உரையாடலில் 2 நொடி இடைவெளி விழுந்தால், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். தொடக்கத்தில் சொன்ன வீட்டில் நடந்தது இதுதான். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற நிரலாளர் தன் வீட்டு இணைப்பின் தாமதத்தை அளந்து பார்த்து, இந்தக் கோளாறுக்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். பஃபர் வீங்கிப்போவது என்று பொருள்.

இதற்கான மருந்து 2012-இல் வந்தது. கேத்லீன் நிக்கோல்ஸ், அதே வேன் ஜேக்கப்சனுடன் சேர்ந்து கொடுத்த 'கோடெல்' என்ற முறை, வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. திடீரென்று ஒரு கூட்டம் வந்து வரிசை நீண்டு, உடனே கரைந்துவிட்டால் அது நல்ல வரிசை. பஃபர் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் 100 மில்லிநொடி முழுக்க, ஒரு பாக்கெட்கூட 5 மில்லிநொடிக்குக் குறைவாகக் காத்திருக்கவில்லை என்றால், அது கரையாமல் தங்கிவிட்ட வரிசை. அப்போது கோடெல் பஃபரில் இடம் இருக்கும்போதே ஒரு பாக்கெட்டைக் கீழே போடும். அனுப்புகிறவருக்குச் சேதி உடனே போகும். இதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனி வரிசை வைப்பதும் சேர்ந்தால், படங்கள் ஏற்றும் போன் தன் வரிசையில் நிற்கும், குரல் பாக்கெட் தன் சின்ன வரிசையில் உடனே கிளம்பிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். எதுவும் ஓடாதபோது, ஒரு கணினிக்குப் போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளை காட்டும் மில்லிநொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே மறுபடி பாருங்கள். சில பத்துகளில் இருந்த எண் பல நூறுகளுக்குத் தாவினால் பஃபர் வீங்கியிருக்கிறது. ரவுட்டரில், கோடெல் போன்ற முறையால் வரிசையைக் கவனிக்கும் 'எஸ்கியூஎம்' என்ற வசதி இருந்தால், மேலேற்றும் வேகத்தை உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைவாக, 90 சதவீதம் அளவில், வரம்பு வையுங்கள். வேகத்தைக் குறைத்தால் எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். வரம்பு வைத்தால் வரிசை உருவாகும் இடம் மாறுகிறது. எதுவும் தெரியாத மோடத்தில் நின்ற வரிசை, கோடெல் இருக்கும் உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடுகிறது.

தாமதத்தில் தூரத்துக்கும் பங்கு உண்டு, அதை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கணினிக்குப் போய்வர 100 மில்லிநொடி. எவ்வளவு பெரிய இணைப்பு வாங்கினாலும் இந்த எண் அசையாது. பக்கத்து நகரங்களில் தகவலின் நகல் வைப்பதும், பேசத் தொடங்கும் முன் இரு கணினிகளும் மாற்றிக்கொள்ளும் அறிமுகச் சேதிகளை, அதாவது கைகுலுக்கல்களை, குறைப்பதும்தான் வழி. 2021-இல் தரப்படுத்தப்பட்ட க்விக் விதிமுறை இரண்டாவதைச் செய்கிறது.

நெரிசல் சேதி மறைந்துபோகும் அதே கோளாறு வைஃபையிலும் வேறு உருவத்தில் நடக்கிறது. காற்றில் தொலைந்த பாக்கெட்டை வைஃபை தானே பலமுறை திருப்பி அனுப்பிப் பார்க்கும். டிசிபிக்கு இழப்பு தெரிவதில்லை, தாமதம் மட்டும் ஏறி இறங்குகிறது. தூரத்து அறையில் மெதுவாகப் பேசும் ஒரு கருவி, பொதுவாக மற்ற எல்லாக் கருவிகளின் நேரத்தையும் தின்கிறது. நகராத கருவிகளை வயரில் இணைத்துவிட்டால், காற்றில் இருப்பவைக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

நம்பகத்தன்மைக்கு வந்தால், எல்லோரும் முதலில் சொல்வது 'இன்னொரு இணைப்பு வை'. கணக்கு கவர்ச்சியானது. 99 சதவீத நேரம் ஓடும் இணைப்பு ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் படுத்துக்கிடக்கும். அப்படிப்பட்ட இரண்டை வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் விழுவது ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. 2001 ஜூலையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் தெரு சுரங்கப்பாதையில் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. பல நிறுவனங்களின் இழைகள் அந்த ஒரே சுரங்கத்தின் வழியாகப் போயின, சேர்ந்தே கெட்டன. ரசீது இரண்டு இருப்பதால் வழி இரண்டு என்று ஆகிவிடாது.

உள்ளூர் நெட்வொர்க்கில் கூடுதல் வயர் போடுவதில் வேறொரு ஆபத்து. கருவிகளை வயரில் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் வட்டமாக இணைந்துவிட்டால், எல்லோருக்குமாக அனுப்பப்பட்ட ஒரு சேதி ஓயாமல் சுற்றிச்சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே மூழ்கடிக்கும். 1985-இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறையில், ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, வட்டத்தை உண்டாக்கும் வயரை உறங்கவைக்கின்றன. பிழைத்திருக்கிறோம் என்ற சேதி வழக்கமாக 2 நொடிக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருக்கும். அது நின்றால் உறங்கும் வயர் எழும். பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 நொடிகூட ஆகும், பிறகு வந்த வேகமான வடிவத்தில் பெரும்பாலும் ஓரிரு நொடி. பெரிய நெட்வொர்க்குகளை இணைக்கும் பிஜிபி, எதிர்முனை பேசவில்லை என்று முடிவுகட்ட 90 நொடி காத்திருக்கலாம் என்று அதன் விதிமுறை பரிந்துரைக்கிறது. அதனால்தான் ஒரு நொடிக்குள் மரணத்தைக் கண்டுபிடிக்கும் பிஎஃப்டி என்ற துணை முறையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மாற்று வழி தயாராக இருந்தும், முதல் வழி செத்தது தெரியாமல் பாக்கெட்டுகளை அதிலேயே கொட்டுவதுதான் பல தடங்கல்களின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

சேதி வந்தும் கை எட்டாமல் போவது இன்னொரு வகை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் மறைந்தன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்பு முழுவதையும் துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை. தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் பெயர் சர்வர்கள், தரவு மையங்களை எட்டமுடியாமல், தங்களிடம் வரும் வழி அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. பழுதை அறியவும் சரிசெய்யவும் பொறியாளர்கள் பயன்படுத்தும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்தன. கடைசியில் ஆட்களைத் தரவு மையங்களுக்கே நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. ரவுட்டர்களை நிர்வகிக்கத் தனியாக ஒரு சின்ன இணைப்பு, ஒரு மொபைல் மோடமாக இருந்தாலும், பழுதான பாதையைத் தொடாத இணைப்பாக வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இரண்டு இணைப்பு வைத்திருக்கும் இடங்களில் நான் அதிகம் அஞ்சுவது, ஒன்று என்றோ செத்துப்போய், மற்றது சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருப்பதை. யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது, இரண்டாவதும் விழும்வரை. எனவே வேலை குறைந்த ஒரு நேரத்தை எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, முதல் இணைப்பின் வயரை நீங்களே பிடுங்குங்கள். எத்தனை நொடியில் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள இணைப்பு பாரத்தைத் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டும் 60 சதவீதம் நிறைந்திருந்தால், ஒன்றின்மேல் 120 சதவீதம் வந்து விழும், வரிசை மறுபடி நீளும். பிறகு கைபேசியைப் பாருங்கள். வயரைப் பிடுங்கியது உங்களுக்குத் தெரியும். கண்காணிப்புக் கருவி அதை உங்களிடம் சொன்னதா?