குவாண்டம் மிஷன்: டெல்டா மாணவருக்கு இதில் என்ன இருக்கிறது?

மத்திய அரசுத் திட்டம் என்றாலே "எங்கே மனு போடணும்?" என்றுதான் நம் பக்கத்தில் முதலில் கேட்பார்கள். அணு, ஒளித்துகள் போன்ற மிகச் சிறியவற்றின் இயல்பைப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தை வளர்க்க வந்த தேசிய குவாண்டம் மிஷனுக்கு அப்படி மனு எதுவும் கிடையாது. பி.எம். கிசான் தவணை மாதிரி யார் கணக்கிலும் பணம் ஏறாது. "பதிந்து தருகிறேன்" என்று எவராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது. 2030-31 வரை செலவு 6,003.65 கோடி ரூபாய். பணம் ஆய்வு மையங்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் போகிறது. நான்கு மையங்களில் தகவல் தொடர்புக்கானது சென்னை ஐ.ஐ.டி.யில், மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டோடு சேர்ந்து நடக்கிறது.

அங்கே செய்யப் பார்ப்பது என்ன? செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசிய எண்தொடரை, அதாவது சாவியை, ஒற்றை ஒளித்துகள்களில் ஏற்றி ஃபைபரில் (கண்ணாடி இழையில்) அனுப்புவது. நடுவில் யாராவது அளந்து பார்த்தால் துகளின் நிலை கலைந்துவிடும். பிழைகள் கூடும், இரு முனையிலும் தெரிந்துவிடும். அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று அனுப்பலாம். கேட்க எளிது, கருவிதான் பாடு. ஒளி ஃபைபரில் கடைமடைத் தண்ணீர் மாதிரி போகப் போகக் குறையும்: நல்ல ஃபைபரிலேயே 100 கிலோமீட்டருக்கு நூறில் ஒரு துகள்தான் தேறும். தஞ்சாவூரிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். பத்து லட்சத்தில் ஒன்று சேர்ந்தாலே பெரிது. வழியில் பெருக்கிக்கொள்ளவும் முடியாது, குவாண்டம் நிலையை நகல் எடுக்க இயற்கை விடாது. அதனால் சாவியை வாங்கி மேலே அனுப்ப இடையிடையே நம்பகமான நிலையங்கள் வேண்டும். நகரங்களுக்கிடையே 2,000 கிலோமீட்டர் வரை சாவி அனுப்புவது, அதே தொலைவுக்குச் செயற்கைக்கோள் வழியாகவும் அனுப்புவது, இரண்டும் மிஷனின் இலக்குகள்.

இது வந்துவிட்டால் சைபர் மோசடி நின்றுவிடும் என்று பேசுவது வெறும் விளம்பரம். ஓ.டி.பி.யை நாமே வாய்விட்டுச் சொன்னால் எந்தக் குவாண்டமும் காப்பாற்றாது. அதற்கு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டியதுதான்.

டெல்டா பிள்ளைகளுக்கு வாசல் படிப்பு வழியாகத்தான். இயற்பியல்காரர்களுக்கு மட்டுமான வேலை என்று நினைக்க வேண்டாம். லேசர், டிடெக்டர், வேகமான எலக்ட்ரானிக்ஸ், மென்பொருள் என்று ஈ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கும் இடமுண்டு. பொறியியலில் குவாண்டம் தொழில்நுட்பத்தை 'மைனர்' (துணை) பாடமாக எடுக்க, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. பாடத்திட்டம் தந்திருக்கிறது, உங்கள் கல்லூரியில் உண்டா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.