பிஞ்சிலே பழுக்கும் ஆண் மீன்கள்

போன மாதம் எங்கள் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றி வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு சால்மன் துண்டு. அதன் மேல் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை: பண்ணை மீனை ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள், அதைச் சாப்பிடும் பெண் பிள்ளைகள் சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுகிறார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள். அன்று மாலையே எதிர்வீட்டு அக்கா மின்தூக்கி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீதான் மீன் பண்ணையில வேலை பாக்குறியே, உண்மையைச் சொல்லு. சின்னவளுக்கு வாரம் ரெண்டு நாள் சால்மன்தான் கொடுக்கிறேன். அவளுக்கு ஒன்பது வயசாகுது.”

நான் வேலை பார்ப்பது பண்ணையில் இல்லை, பொரிப்பகத்தில். சிங்கப்பூரின் லிம் சூ காங் பக்கம் கொடுவா முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை விரல் நீளம் வளர்த்துப் பண்ணைகளுக்குக் கொடுக்கிறோம். மின்தூக்கி வாசலில் நின்று அதையெல்லாம் விளக்க முடியுமா? “ஹார்மோன் ஊசியெல்லாம் போடுறதில்லைக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. செய்தி பொய்தான். ஆனால் மனிதர் வளர்க்கும் சால்மன்களில் சில வயதுக்கு முன்பே பருவமடைந்துவிடுகின்றன என்பது மெய். அப்படி ஆவது பெரும்பாலும் ஆண் மீன்கள். அதற்குப் பெரிய காரணம் நாங்கள் போடும் தீனி.

முதலில் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் மீனைப் பார்ப்போம். நம் பேரங்காடிகளில் கிடைப்பதும், சீனப் புத்தாண்டுக்கு யூ ஷெங் என்னும் பச்சை மீன் கலவைத் தட்டில் அடுக்குவதும் பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளில் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மன். நார்வேயில் வளர்ச்சிக்காக மீனுக்கு ஹார்மோன் கொடுப்பதில்லை. மீன் சீக்கிரம் பருவமடைய வேண்டும் என்று அந்தப் பண்ணைக்காரர்கள் ஆசைப்படுவதுமில்லை. பருவமடையும் சால்மன் தன் உடலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்து விந்துக்கும் சினைக்கும் செலவழிக்கும். சதையின் நிறம் வெளுத்துப்போகும். சதை தளர்ந்து ருசி கெடும். அப்படிப்பட்ட மீனை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதனால்தான் குளிர்காலத்தில் கூண்டுகளுக்குள் இரவு பகலாக விளக்கெரிய விட்டுப் பருவமடைவதைத் தள்ளிப்போடுகிறார்கள். மின்சாரக் கட்டணம் கட்டித் தடுக்கும் ஒன்றை ஊசிக்கும் செலவழித்து வரவழைக்க மாட்டார்கள்.

நான் இதைக் கண்ணால் பார்த்தது வேறொரு சால்மனிடம். படிப்பு முடிந்த கையோடு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பொரிப்பகத்துக்குச் சில மாதப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே வளர்ப்பது சினூக் என்னும் பசிபிக் சால்மன், அதுவும் தட்டில் போடுவதற்காக அல்ல, ஆற்றில் விடுவதற்காக. கொலம்பியா ஆற்றின் குறுக்கே 1938இல் பான்வில் அணையும் 1942இல் கிராண்ட் கூலி அணையும் வந்தன. பிறகு இன்னும் பல. கடலிலிருந்து மேலேறி வந்து முட்டையிட்ட மீன்களுக்குப் பாதை அடைபட்டது அல்லது கடினமானது. அந்த இழப்பை ஈடுகட்ட, இன்று ஆண்டுக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகளை வளர்த்து அந்த ஆற்றுப் படுகையில் விடுகிறார்கள்.

ஏப்ரல் மாதம். நீளநீளமான சிமெண்டுத் தொட்டிகள், பனி உருகி வந்த தண்ணீர், ஐந்து நிமிடத்தில் மரத்துப்போகும் விரல்கள். குஞ்சுகளை ஆற்றில் விடுவதற்கு முன் வலைபோட்டு மாதிரி எடுத்து நீளமும் எடையும் குறிப்பது என் வேலை. ஒரு நாள் கொழுகொழுவென்று ஒரு மீன் வலையில் வந்தது. தொட்டியிலேயே அதுதான் பெரியது. அதற்கு நாள்தோறும் தீனி போட்டது நான் என்பதால் எனக்கு ஒரே பெருமை. “இது நிச்சயம் கடலைப் பார்த்துத் திரும்பி வரும்” என்றேன். பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் ஒன்றும் பேசாமல் அதன் வயிற்றைக் கீறிக் காட்டினார். முதுகெலும்பை ஒட்டி நூலிழை போல இருக்க வேண்டிய விந்தகம் தடித்து, பால் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது.

“இது எங்கேயும் போகாது. செப்டம்பரில் மாப்பிள்ளை ஆகப் பார்க்கும்” என்றார் அவர். அவர் சொன்னது ஆங்கிலத்தில், மாப்பிள்ளை என்பது என் மொழிபெயர்ப்பு.

ஒழுங்கான கணக்கில், அங்கே வளர்த்த ரகத்தில் ஒரு சினூக் ஆண் ஒன்றரை வயதில் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு மூன்று ஆண்டு தின்று வளர்ந்து, நாலு அல்லது ஐந்து வயதில் பல கிலோ எடையோடு பிறந்த ஆற்றுக்குத் திரும்பும். பெண் முட்டையிடும், ஆண் அதன் மேல் விந்தைப் பீய்ச்சும், அதோடு இரண்டின் கதையும் முடிந்தது. ஆனால் சில ஆண்கள் மூன்று வயதிலேயே திரும்பிவிடும். அவற்றுக்கு அங்கே ‘ஜாக்’ என்று பெயர். அதற்கும் முந்திக்கொண்டு, கடலை எட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு வயதில் பருவமடைவது ‘மினிஜாக்’. என் வலையில் வந்தது அதுதான். ஒரு வயதிலேயே பழுத்துவிடும் ‘மைக்ரோஜாக்’கும் உண்டு. நம் ஊரில் பிஞ்சிலே பழுத்தது என்று பிள்ளைகளைத் திட்டுவோமே, அந்தச் சொல் இந்த மீனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

இது நோய் இல்லை. இயற்கையான ஆற்றிலும் இப்படிச் சில ஆண்கள் எப்போதும் இருக்கும். பெரிய ஆண்கள் வளைந்த தாடையோடு ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்க, கையளவுகூட இல்லாத இந்தப் பொடியன் கல்லிடுக்கில் ஒளிந்திருப்பான். பெண் முட்டையை விடும் நொடியில் பாய்ந்து வந்து தன் பங்கைப் போட்டுவிட்டு ஓடிவிடுவான். கடலில் கடல்நாயிடமும் வலையிடமும் தப்பிக்க வேண்டிய தொல்லை இல்லாத வழி இது. பெண் மீனுக்கு இந்தக் குறுக்கு வழி ஒத்துவராது. ஆயிரக்கணக்கில் முட்டை சுமக்கப் பெரிய உடம்பு வேண்டும். விந்துக்கு அவ்வளவு முதலீடு தேவையில்லை.

பொரிப்பகத்தில் நடப்பது அளவு மீறிய கதை. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா ஆற்றில் யாக்கமா பழங்குடியினர் நடத்தும் சினூக் மீட்புத் திட்டத்தின் மீன்களை அமெரிக்க மீன்வள விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விடுவிக்கப்படும் ஆண்களில் 37 முதல் 49 விழுக்காடு வரை இரண்டு வயதிலேயே பருவமடைந்துகொண்டிருந்தன. ஒரு லட்சம் குஞ்சு விடுகிறோம், அதில் பாதி ஆண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 20,000 மீன் கடலுக்குப் போகவே போவதில்லை. ஆனால் ‘ஆற்றில் விட்ட குஞ்சுகள்: ஒரு லட்சம்’ என்றுதான் பதிவேட்டில் இருக்கும்.

என்னை உறுத்துவது அந்தப் பதிவேடுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஏப்ரலில் இந்த மீன் பளபளவென்று, கொழுத்து, நலமாகவே இருக்கிறது. வயிற்றைக் கீறினாலும் அந்த மாதத்தில் எல்லா மீனிலும் தெளிவாகத் தெரியாது. எனக்குக் காட்டிய மீன் முந்திக்கொண்ட ரகம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வாலடியில் ரத்தம் எடுத்து, 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்ற மீன்களின் ஆண் ஹார்மோனை அளக்க வேண்டும். யாக்கிமாவில் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். எண்ணிக்கையும் எடையும் மட்டும் குறிக்கும் இடத்தில் இது யார் கண்ணிலும் படாது. எடை கூடினால் மகிழ்ச்சிதான் அடைவார்கள். நானும் அடைந்தேனே.

ஏன் இப்படி ஆகிறது? பருவமடைவதா, பொறுப்பதா என்பதை மீனின் உடல் ஏறக்குறைய ஓராண்டு முன்பே, இலையுதிர் காலத்திலேயே முடிவுகட்டத் தொடங்கிவிடுகிறது. அப்போது உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதே கணக்கு. ஒரு வரம்பைத் தாண்டியிருந்தால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விந்தகத்தைத் தட்டி எழுப்பும். வசந்தத்தில் உடல் நிலை இன்னொரு முறை கணக்கில் வரும். காட்டாற்றில் குளிர்காலம் என்றால் பட்டினிக் காலம். ஐஸ் போன்ற தண்ணீரில் பூச்சி புழு குறைவு, குஞ்சு மெலியும். பல பொரிப்பகங்களிலோ சற்று வெதுவெதுப்பான நிலத்தடி நீர், கொழுப்பு மிகுந்த உருண்டைத் தீனி, பனிக்காலத்திலும் தவறாத சாப்பாடு. மீனைப் பொறுத்தவரை பஞ்சமே வராத ஊர் அது. இவ்வளவு வசதி இருக்கும்போது கடலுக்கு ஏன் போக வேண்டும் என்று அதன் உடல் நினைத்தால், அதைக் குறை சொல்ல முடியாது.

கடலுக்குப் போவதும் பருவமடைவதும் ஒரே உடலில் ஒன்றாக நடப்பது கடினம். கடலுக்குப் போகும் குஞ்சு வெள்ளியாக மின்ன ஆரம்பிக்கும். உப்பை வெளியேற்ற அதன் செவுள்கள் மாறும். பருவமடையும் குஞ்சில் இந்த மாற்றம் தடுமாறிப்போகிறது. யாக்கிமாவின் மேல்பகுதியிலிருந்து கடல் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். மினிஜாக்குகளில் சில கொஞ்ச தூரம் இறங்கிவிட்டு மறுபடி மேலே ஏறும். சில கிளம்புவதே இல்லை. கோடை முழுக்க அங்கேயே தங்கி, இயற்கையாகப் பிறந்த குஞ்சுகளோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டி போடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த ஆண்டு எத்தனை பெரிய மீன்கள் திரும்பும், எவ்வளவு பிடிக்க அனுமதிக்கலாம் என்று மதிப்பிட, இந்த ஆண்டு திரும்பிய மூன்று வயது ஜாக்குகளின் எண்ணிக்கையைப் பார்ப்பது அங்கே வழக்கம். ஜாக் நிறைய வந்தால் அடுத்த ஆண்டு அமோகம் என்று கணக்கு. நாமே கொழுக்க வைத்து ஜாக்குகளைப் பெருக்கியிருந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்?

சரி, தீனியைக் குறைத்தால் போயிற்றே என்று தோன்றும். செய்து பார்த்திருக்கிறார்கள். கொழுப்புக் குறைந்த தீனி, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அளவான உணவு, குளிர்ந்த நீர். இவற்றால் மினிஜாக் குறைகிறது. ஆனால் குஞ்சு சிறியதாகிவிடுகிறது. சிறிய குஞ்சு கடலில் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. கூட்டினாலும் நட்டம், குறைத்தாலும் நட்டம். கொலம்பியா படுகையிலேயே சில பொரிப்பகங்களில் இந்த விகிதம் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, சிலவற்றில் பாதிக்கும் மேல். அதனால் ஒரே சூத்திரத்தை எல்லா இடத்துக்கும் எழுதிவிட முடியாது. மீனின் வம்சம், தண்ணீரின் வெப்பம், தீனி அட்டவணை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். என் கருத்தைக் கேட்டால், எத்தனை குஞ்சு விட்டோம் என்று எழுதும் அதே வரியில் அதில் எத்தனை கடலுக்குப் போகத் தயார் என்பதையும் எழுத வேண்டும். அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தாலே தீனி போடுபவரின் பார்வை மாறும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே குளிர்காலமே கிடையாது, அதனால் இதே கதை இதே மாதிரி நடக்காது. எங்கள் கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துத்தான் பெண்ணாக மாறும். சந்தைக்கு வரும் அளவில் அது இரண்டுக்கும் முந்திய பருவத்தில் இருக்கும். எங்கள் கவலை நேர் எதிர்: தாய்மீன் தொட்டியில் பெண் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம்.

திலேப்பியா மட்டும் விதிவிலக்கு. சில மாதத்திலேயே, உள்ளங்கை அளவு வருவதற்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்துக் குளம் முழுக்கப் பொடிமீனாக்கிவிடும். அதைத் தடுக்கப் பல நாடுகளில் பொரித்த முதல் மூன்று நான்கு வாரம் குஞ்சுத் தீனியில் மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் கலந்து எல்லாவற்றையும் ஆணாக்குகிறார்கள். ஆமாம், திலேப்பியா விஷயத்தில் ஹார்மோன் உண்டு. மறைத்தால் நானும் அந்த வாட்ஸ்அப் செய்தி எழுதியவரும் ஒன்றுதான். ஆனால் அது கொடுக்கப்படுவது ஒரு கிராம்கூட இல்லாத குஞ்சுக்கு, நோக்கம் இனப்பெருக்கத்தைத் தடுப்பது. நிறுத்தியதும் மருந்து சீக்கிரம் உடலைவிட்டுப் போய்விடும். மீன் தட்டுக்கு வருவது அதற்குப் பல மாதம் கழித்து.

இங்கே மீன்வளம் படித்துவிட்டு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதல் வாரத்தில் தராசை மட்டும் கொடுப்பதில்லை, கத்தியையும் கொடுக்கிறேன். மாதிரி எடுக்கும்போது தொட்டியிலேயே பெரிய மீனை விட்டுவிடாதீர்கள், அதைத்தான் முதலில் கீறிப் பாருங்கள் என்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். நல்லா வளர்ந்த மீனைப் போய் வெட்டுவதா?

அக்காவிடம் அடுத்த வாரம் இதில் பாதியைச் சொன்னேன். மகளைப் பற்றியும் கேட்டார். நான் மீன் ஆள், மருத்துவர் இல்லை. ஆனாலும் ஒன்று தெரியும்: பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்பும், ஆண் பிள்ளைக்கு ஒன்பதுக்கு முன்பும் பருவ அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண் பிள்ளைகள் முந்திப் பூப்படைவதோடு உடல் எடை கூடுவதற்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சந்தேகம் இருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், மீனை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள் என்றேன். “போன மாசமே பாத்தாச்சு, வயசுக்குச் சரியா இருக்கான்னு டாக்டர் சொல்லிட்டாங்க” என்றார். பிறகு எதற்கு இவ்வளவு பதற்றம் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவர்களிடம் அப்படிக் கேட்கக் கூடாது.

குழுவிலும் நாலு வரி பதில் போட்டேன்: சால்மனுக்கு ஹார்மோன் ஊசி இல்லை, முந்திப் பருவமடைவது ஆண் மீன், காரணம் கொழுப்பும் வளர்ச்சி வேகமும். மூன்றாம் மாடி அங்கிள் உடனே கேட்டார், “அப்போ ஆம்பளப் பசங்களுக்குக் கொடுக்கக் கூடாதா?”

“கொடுங்க அங்கிள், முள்ளை எடுத்துட்டுக் கொடுங்க” என்று எழுதினேன்.