மருந்தாளுநர்

பார்மசிஸ்ட் என்பதற்கு வேர், கிரேக்க மொழியின் ‘பார்மகான்’. மருந்துக்கும் அதுதான் சொல், நஞ்சுக்கும் அதுதான். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

இரண்டுக்கும் ஒரே சொல்லா என்பவர்கள் முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டர் சீட்டில் சரியாகத்தான் எழுதியிருப்பார். “அம்மா, இது ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாள் தொடக்கூடாது” என்று சொல்லி, உறையிலும் கிழமையை எழுதித் தருவது பார்மசிஸ்ட் வேலை. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் விடச் சொல்வதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

நம் ஊரில் முன்பு இவர் கம்பவுண்டர். மிக்சரைக் கலந்து பாட்டிலில் ஊற்றி, வேளைக் கணக்குக்குக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தவர். அந்தப் பெயரில் கலக்கும் வேலை மட்டும்தான் இருக்கிறது. இலங்கையில் வழங்கிய அப்போதிக்கரி வேறு. அவர் நோயாளியைப் பார்த்து வைத்தியமும் செய்தார்.

தமிழில் மருந்தாளுநர் என்பதே பொருத்தம். ஆளுதல் இங்கே கையாளுதல். ஓட்டுநர், இயக்குநர் போல ‘நர்’ விகுதி. ‘மருந்தாளுனர்’ என்று எழுதுவது பிழை. மருந்து விற்பவர், மருந்துக்கடைக்காரர் என்றெல்லாம் எழுதினால் கல்லாப்பெட்டிதான் நினைவுக்கு வரும்.

ஆள் நமக்குப் புதியவர் இல்லை. நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என நான்கைச் சொல்கிறது 950ஆம் குறள். உழைச்செல்வானைச் செவிலியர் என்று கொள்வோர் உண்டு. பரிமேலழகரோ, மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்கிறார். எனக்கு அந்தப் ‘பிழையாமல்’ பிடித்திருக்கிறது.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பை, இந்தியாவின் 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம் பதிவு பெற்றவரிடம் விட்டது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வதை 2015 விதிமுறைகள் அவர் கடமையில் சேர்த்தன. ஆகவே மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற எல்லோரையும் மருந்தாளுநர் என்று எழுதிவிட முடியாது. பதிவில்லாதவரைக் கடை உதவியாளர் என்றால் போதும்.