ஈயத்தை எந்தப் பையில் வைப்பது?

ஸ்கூபா டைவிங் போகிறவர் ஈயம் சுமப்பதற்கு முக்கியக் காரணம் அவர் போட்டிருக்கும் உடை. நியோபிரீன் ரப்பருக்குள் எண்ணற்ற நுண்ணிய வாயுக் குமிழிகள் உண்டு. குளிரைத் தடுப்பதும் அவைதான், ஆளை மேலே தூக்குவதும் அவைதான். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது என்பதால் கடலில் அந்தத் தூக்கல் இன்னும் அதிகம். கருவிகளோடு 100 கிலோ இருக்கும் ஒருவருக்கு ஏரியில் சரியாக இருந்த எடையோடு கடலில் இரண்டரை கிலோ சேர்க்க வேண்டியிருக்கும்.

எடைப் பைகளைத் தேர்ந்தெடுக்கும்முன் மொத்த எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தீர்மானிப்பது டைவின் கடைசிக் கட்டம். காற்றுக்கும் எடை உண்டு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று சுமார் 2.7 கிலோ. 50 பார் மிஞ்சும்போது அதில் ஏறக்குறைய 2 கிலோ மூச்சில் கரைந்திருக்கும். அப்படி இலேசான நிலையிலும், மேலேறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க முடிய வேண்டும். அதனால் சிலிண்டர் காலியாகும் தறுவாயில்தான் சோதிக்க வேண்டும். மிதப்புச் சட்டையில் (காற்றை அடைத்தும் விட்டும் மிதப்பைச் சரிசெய்ய உதவும் சட்டை) காற்றில்லாமல், சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் நீர்மட்டம் கண்ணருகே நிற்கும். மூச்சை விட்டால் மெதுவாக அமிழ வேண்டும். முழு சிலிண்டரோடு சோதித்தால் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள்.

இருக்கட்டும் என்று கூடுதலாக ஈயம் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு மிகவும் கவலை தருகிறது. 3 கிலோ கூடினால் அதைச் சமன்செய்யச் சட்டைக்குள் 3 லிட்டர் காற்று கூடுதலாக அடைக்க வேண்டும். 20 மீட்டரில் அடைத்த அந்தக் காற்று 10 மீட்டருக்கு ஏறும்போது நாலரை லிட்டராக விரியும். ஒன்றரை கிலோ தூக்கல் கேட்காமலே வந்து சேரும். மேலே போகப்போக இது இன்னும் வேகமாக நடக்கும்.

சரி, இப்போது பைகள். சட்டையின் இடுப்புப் பக்கத்தில் இருப்பவை கைப்பிடியை இழுத்தால் கழன்றுவிடும். முதுகில், சிலிண்டர் பட்டையருகே இருப்பவை கழலாது. எல்லா ஈயத்தையும் கழலும் பைகளில் வைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் 20 மீட்டரில் அத்தனையும் ஒரேயடியாகப் போனால் ஆள் கட்டுப்பாடின்றி மேலே பாய்வார். நுரையீரல் கிழியலாம், உடம்புக்குள் வாயுக் குமிழிகள் உருவாகும் அழுத்த நீக்க நோயும் வரலாம்.

எவ்வளவு கழல வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். ஆழத்தில் சட்டை கிழிந்து, சிலிண்டரும் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் காற்றின் எடை 2 கிலோ கூடுதல். நீரின் அழுத்தத்தில் நசுங்கிய ரப்பர் உடை இழந்த மிதப்பு இன்னொரு 2 கிலோ என்றால் 4 கிலோவைக் கழற்றினால் போதும். மொத்தம் 7 கிலோ தேவைப்படுகிறவர் இரண்டு இடுப்புப் பைகளிலும் இரண்டிரண்டு கிலோ வைத்து, மீதி 3 கிலோவைக் கழலாத பைகளில் போடலாம். தேவைக்கேற்ப ஒரு பையை மட்டும் விடவும் முடியும். முதுகுப் பக்கம் போன எடை இன்னொரு உதவியும் செய்யும்: நுரையீரல் மார்பைத் தூக்க, ஈயம் இடுப்பை இழுக்க, கால் தாழ்ந்துபோகிற தொல்லை குறைந்து உடம்பு கிடைமட்டமாக நிற்கும். காலில் மாட்டிய துடுப்பு பவளப்பாறையில் மோதாது.

ஈயக் கட்டிகள் மலிவானவை, இடமும் அடைக்காது. ஆனால் அளவு பொருந்தாத பைக்குள் நகர்ந்து சாயவைக்கும். வலைப் பையில் கட்டிய ஈயக் குண்டுகள் உடம்போடு படிந்து உட்காரும். குண்டுகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் அதே எடைக்குப் பெரிய பை வேண்டும். அடிக்கடி டைவ் செய்கிறவருக்கு நான் குண்டுகளையே சொல்வேன்.

பையைப் பிடித்துவைக்கும் அமைப்பைக் கவனமாகப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பை இன்னொன்றின் சட்டையில் பெரும்பாலும் பொருந்தாது. வெல்க்ரோ மட்டும் என்றால் மணலும் தேய்மானமும் பிடியைத் தளர்த்திவிடும். அழுத்திப் பூட்டும் பக்கிள் நம்பகமானது. வாங்கும்முன் முழு எடையை ஏற்றி, சட்டையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். அப்புறம் கையுறை போட்ட ஒரு கையால், கண் பார்க்காமல் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள்.