சட்டைப்பைக்குள் ஓடிக்கொண்டிருந்த லைன்

நான் வங்கி ஊழியன். வயதானவர் யாராவது தனியாக வந்து, முதிர்வுக்கு முன்பே டெபாசிட்டை உடைக்கவேண்டும் என்றால் இரண்டு கேள்வியாவது கேட்காமல் விடமாட்டேன். சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். டெபாசிட்டை உடைத்து 4 லட்சத்தை உடனே ஆர்டிஜிஎஸ் மூலம் வேறொரு கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். "என்ன சார் அவசரம்?" என்றேன். "வீட்டு வேலை" என்றார், கண்ணைப் பார்க்காமல். சட்டைப்பையில் போன் வெளிச்சம் தெரிந்தது. லைன் ஓடிக்கொண்டிருந்தது. சலானின் பின்பக்கம் "யார் லைன்ல?" என்று எழுதி நகர்த்தினேன். "போலீஸ். பையன் அரெஸ்ட்" என்று நடுங்கிய கையால் எழுதினார்.

போனை வாங்கி அழைப்பைத் துண்டித்தேன். வாட்ஸ்அப் அழைப்பு, காக்கிச்சட்டைப் படம், பாகிஸ்தானின் 92-இல் தொடங்கும் எண். பெங்களூரில் இருக்கும் பையன் போதைப்பொருள் வழக்கில் சிக்கிவிட்டானாம். நடுவில் "அப்பா, காப்பாத்துங்கப்பா" என்று அழுகையும் கேட்டதாம். அழும்போது எந்தப் பிள்ளையின் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போதாததற்கு, சிறு பதிவு கிடைத்தால் குரலையே போலியாகச் செய்துவிடுகிறார்கள். கிளை போனிலிருந்து பையனைக் கூப்பிட்டேன். கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"போலீஸ் போன் பண்ணாது" என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வைக்காதீர்கள், அது தவறு. கைது செய்தால் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். போலீஸ் கூப்பிடலாம், ஆனால் பணம் கேட்காது, "யாரிடமும் சொல்லாதே, லைனை வைக்காதே" என்றும் மிரட்டாது. இந்த இரண்டில் ஒன்று வந்தாலே போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே வைத்திருக்கும் பிள்ளையின் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். எடுக்கவில்லையா, மருமகளுக்கு, நண்பனுக்கு. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளலாம். பாட்டி வீட்டு மாட்டின் பெயர் போல, ஃபேஸ்புக்கில் கிடைக்காத ஏதாவது.

பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். புகார் சீக்கிரம் வந்தால் மிச்சத்தையாவது முடக்கலாம். நாமே அனுப்பிய பணம் என்பதால், வங்கி ஈடுகட்டும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அப்புறம், திட்டாதீர்கள். "உங்களுக்கு எதுக்கு ஸ்மார்ட்போன்" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த மிரட்டல் வரும்போது உங்களிடம் சொல்லமாட்டார்கள். அந்த ஆசிரியர் தண்ணீர் குடித்துவிட்டு, சலானை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மருமகளுக்குத் தெரிய வேண்டாம் சார்."