தண்டனை மேம்படாது, கடுமையாகும்

வழிபாட்டிடத்தில் கூடியிருப்பவர்களைக் குறிவைத்துச் செய்யும் குற்றங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடிய தண்டனை கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வெளிநாடுகளில் அடிக்கடி எழுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் சொந்தபந்தம் இருக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்தச் செய்தியைக் கவனமாகத்தான் வாசிக்கிறார்கள். அதில், ஆங்கிலத்து 'என்ஹான்ஸ்ட் பெனல்ற்றி'க்குத் தமிழாக, 'மேம்படுத்தப்பட்ட தண்டனை' என்றொரு தொடர் வருகிறது. வானொலியிலும் அதுவே, இணையச் செய்தியிலும் அதுவே. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால் இதை எழுதுகிறேன்.

'என்ஹான்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் அடி, 'உயரம்' என்ற பொருளுள்ள இலத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சட்ட ஆங்கிலத்தில் அது தண்டனையின் அளவைக் கூட்டுவதைக் குறிக்கிறது. 'தண்டனை' வடமொழித் தண்டத்திலிருந்து வந்தது. தண்டம் என்றால் கோல். எங்கள் பேச்சில் அது 'தெண்டம்'. தனித்தமிழில் 'ஒறுப்பு'. வேர்க்கதை இவ்வளவு போதும்.

'மேம்படு' என்பதிலும் 'மேல்' இருக்கிறதே, பிறகென்ன பிழை என்று கேட்பார்கள். வேர் பொருந்தினால் வழக்கும் பொருந்திவிடாது. தமிழில் மேம்படுவது நல்லது மட்டுமே. கல்வி மேம்படும், வாழ்க்கைத்தரம் மேம்படும், மேம்பட்ட குணம் என்போம். நோய் மேம்பட்டது, கடன் மேம்பட்டது என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை. 'தண்டனை மேம்படுத்தப்பட்டது' என்று வாசித்த ஒருவர், சிறைச்சாலை வசதிகள் சீராகிவிட்டன என்று விளங்கிக்கொண்டால் பிழை அவருடையதல்ல. அவர் தமிழைத் தமிழாக வாசித்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு. 'மேம்பாடு' இலங்கையில் அவ்வளவாகப் புழங்கும் சொல்லே அல்ல. வீதி அபிவிருத்தி, கடற்றொழில் அபிவிருத்தி என்றுதான் எங்கள் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது. ஆகவே இது எங்கள் செய்தியாளர் யோசித்து எழுதிய சொல் அல்ல. மொழிபெயர்ப்பு இயந்திரம் முதலில் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருக்க வேண்டும்.

இதைத் திருத்துவதாக வருகிறவர்கள் வைக்கும் சொற்களும் சரியில்லை. சிலர் 'மிகைத்தண்டனை' என்கிறார்கள். மிகை என்றால் வேண்டிய அளவுக்கு மேலானது. சட்டம் அளவு மீறித் தண்டிக்கிறது என்ற குற்றச்சாட்டே அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சட்டத்தின் நோக்கமோ நேர்மாறு. கூடியிருந்து கும்பிடுகிறவர்களில் ஒருவரைத் தாக்கினால் அந்தச் சமூகம் முழுவதும் அடுத்த கிழமை கோயிலுக்குப் போகப் பயப்படும். ஆகவே குற்றம் பெரிது, அதற்கு ஒத்த தண்டனையும் பெரிது என்பதே வாதம். 'ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து' என்று குறள் (561) சொல்வதும் குற்றத்துக்குத் தக்க தண்டனையைத்தான். இன்னும் சிலர் 'கூட்டுத்தண்டனை' என்று எழுதுகிறார்கள். கூட்டப்பட்ட தண்டனை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் ஒருவர் செய்ததற்கு ஊரையே தண்டிப்பதற்குத்தான் அந்தப் பெயர். பொருளாதாரத் தடைக்குள்ளும் ஊரடங்குக்குள்ளும் இருந்து எழும்பிய சனத்துக்கு அந்தச் சொல்லை வேறு பொருளில் கொடுக்க முடியாது.

சரியான சொல் எங்கள் நீதிமன்றச் செய்திகளிலேயே கிடக்கிறது. 'கடூழியச் சிறை' என்று நாளாந்தம் வாசிக்கிறோம், கடு, ஊழியம். தண்டனையின் பாரத்தைச் சொல்லத் தமிழில் 'கடு' என்ற அடி ஏற்கெனவே வேலைசெய்கிறது. ஆகவே 'கடுமையாக்கப்பட்ட தண்டனை' என்று எழுதலாம். பேச்சு நடையில் 'கூடிய தண்டனை' போதும். உச்ச அளவை 'ஆகக்கூடிய தண்டனை' என்று சொல்லும் எங்களுக்கு அதில் ஒரு மயக்கமும் வராது.

இதோடு ஒட்டியது இன்னொரு தொடர். கனடாவின் குற்றவியல் கோவை 718.2ஆம் பிரிவில், வெறுப்பினால் செய்த குற்றம் என்பது தண்டனை விதிக்கும்போது நீதிபதி பார்க்கவேண்டிய காரணங்களில் ஒன்று. அதைத் தமிழில் 'மோசமாக்கும் சூழ்நிலைகள்' என்கிறார்கள். மோசமாவது காலநிலை, நோயாளியின் நிலை. 'அக்ரவேற்' என்ற ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது பாரம். அந்தப் பாரத்தை அப்படியே சுமக்கும் சொல் எங்களிடம் உண்டு: பாரதூரம். 'குற்றத்தைப் பாரதூரமாக்கும் காரணங்கள்' என்றால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுகிறவருக்கும் விளங்கும். வடமொழி என்று தனித்தமிழ் அன்பர்கள் தள்ளக்கூடும். எனக்கும் தூய்மையில் பற்று உண்டு. ஆனால் சட்டம் சம்பந்தப்பட்ட இடத்தில் தெளிவுக்குப் பிறகுதான் தூய்மை.

கடைசியாக, என்னை அதிகம் வருத்துவது 'வழிபாட்டுத்தலக் குற்றங்கள்' என்ற சுருக்கம். கோயில் நிர்வாகத்துக்குள் நடக்கும் களவையும் அப்படிச் சொல்லலாம், உண்டியல் உடைப்பையும் சொல்லலாம். அதில் மனிதர் இல்லை. எங்கள் பழைய சட்டமே இடத்தையும் மனிதரையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 290ஆம் பிரிவு, ஒரு மதத்தை அவமதிக்கும் நோக்கில் வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது பற்றியது; ஆகக்கூடியது இரண்டு வருடச் சிறை. 291ஆம் பிரிவு வழிபாட்டுக்குக் கூடியவர்களைக் குழப்புவது பற்றியது. அதற்கு ஒரு வருடம். கட்டடம் வேறு, கூடிய சனம் வேறு.

1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் சுடப்பட்டவர்கள் தொழுகையில் இருந்தவர்கள். 1995 யூலை 9 நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் விமானக் குண்டுக்குப் பலியானவர்கள் அடைக்கலம் தேடி வந்து பாய் விரித்திருந்த சனம். 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உயிர்விட்டவர்கள் உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள். இவற்றைத் 'தலக் குற்றம்' என்று எழுதக் கை வரக்கூடாது. 'வழிபடுவோருக்கு எதிரான குற்றங்கள்' என்று எழுத ஒரு சொல் கூடத்தான் வேண்டும். தலைப்பில் இடம் போதாது என்றால் எழுத்தின் அளவைச் சிறிதாக்குங்கள்.