அமைச்சர் உரை எழுதுவோர் சரிபார்க்க வேண்டியவை

அரசு விழாவில் அமைச்சர் வாசிக்கும் உரைக்கு அடிப்படை, துறையிலிருந்து வரும் குறிப்பு. அதிலுள்ள எண்ணை அவசரத்தில் எடுத்துப் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒதுக்கீடு வேறு, நிர்வாக ஒப்புதல் வேறு, விடுவித்த தொகை வேறு, செலவான தொகை வேறு. குறிப்பில் "12 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 40 பணிகள்" என்று இருக்கும். உரையில் அது "12 கோடி ரூபாயில் 40 பணிகள் முடிக்கப்பட்டுள்ளன" என்று மாறிவிடும். பாதிப் பணிகளுக்கு டெண்டரே விட்டிருக்க மாட்டார்கள். மறுநாள் நிருபர் அந்தச் சாலையைப் படம் எடுத்துப் போட்டால், பதில் சொல்லித் திணறப்போவது அமைச்சர். அதனால் வரைவின் ஓரத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக அரசாணை எண், எந்தத் தேதி நிலவரம், தகவல் தந்த அலுவலர் யார் என்று குறித்து வையுங்கள். அப்படிக் குறிக்க முடியாத எண்ணை, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், வெட்டிவிடுங்கள்.

அவையில் பேசும் உரைக்கு இன்னும் கவனம் தேவை. "பரிசீலனையில் உள்ளது" என்றால் பிடி கொடுக்காத பதில் என்று பலர் நினைக்கிறார்கள். மக்களவையில் அதுவே உறுதிமொழியாகப் பதிவாகும். 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால், அமைச்சர்கள் அவையில் தந்த உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவிடம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இப்படி ஒரு குழு உண்டு. கூட்டத்தொடர் நடக்கும்போது புதிய கொள்கை அறிவிப்பை வெளிமேடையில் வைக்காமல் இருப்பதும் மரபு.

தேர்தல் தேதி அறிவிப்பு வந்துவிட்டால், எழுதி வைத்த உரைகளை எல்லாம் அன்றே திரும்ப எடுத்துப் பாருங்கள். நிதி உதவி அறிவிப்பு, சாலை, குடிநீர் வாக்குறுதி எதுவும் அதன்பின் அமைச்சர் வாயிலிருந்து வரக் கூடாது. நன்னடத்தை விதி தடுக்கிறது.

அளவைப் பொறுத்தவரை, 10 நிமிட உரைக்குச் சுமார் 800 சொற்கள் போதும். கைதட்டலுக்கும் மூச்சு வாங்கவும் இடம் வேண்டும். எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். ஒரு வாக்கியம் பாதியில் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. "1,27,450" என்பதை "ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்துக்கும் மேல்" என்று எழுத்திலேயே கொடுங்கள். மைக் முன்னால் இலக்கங்களை எண்ணிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. விளிக்கும் பெயர்களைத் தனித் தாளில் வையுங்கள். மேடைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கடைசி நேரத்தில் பார்த்து, அந்த ஒரு தாளை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம்.